சுருட்டுக்கு உறை வேண்டுமா: அண்ணனோடு எனக்கிருந்த வழக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நாளில் தங்கை எழுதும் கட்டுரை கண்ணீரோடு தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்த இந்தக் காலையில் கை பரபரக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கும் அண்ணனுக்கும் நடந்துவந்த வழக்கு ஒன்றுக்கு நேற்று முன்தினம் தீர்ப்பு வந்துவிட்டது. அதை மலரில் எழுதியாக வேண்டும் என்பது அண்ணன் விதித்துவிட்டுப் போன நிபந்தனை.

"நீ தோத்தா நீ எழுது அம்மிணி. நான் தோத்தா நான் வந்து எழுத முடியாது பாரு, அப்பவும் நீயே எழுது" என்றார்.

ஆகவே, எழுதுபவள் நான் என்பதை வைத்து யார் ஜெயித்தார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், மானாவாரிக் காட்டை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு எட்டு வயது இளையவள். அப்பா எங்களைச் சீக்கிரமே விட்டுப் போனார். கிணற்றில் தண்ணீரும் போய்விட்டது. அண்ணன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறினார். ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் போனார். மாதக்கணக்கில் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கி, வண்டி ஓரத்திலேயே சமைத்துச் சாப்பிட்டார். அந்த உழைப்பில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அந்த உழைப்பில்தான் வாழப்பாடியில் பாக்குத் தோப்புள்ள நல்ல குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார். பிறகு அவரே இரண்டு ரிக் வண்டிகளை ஓட்டுமளவுக்கு வளர்ந்தார். போட்ட குழியில் தண்ணீர் வராமல் போனால், அந்த வீட்டாரிடம் சொல்லும் பொறுப்பை வேலையாட்களிடம் விடமாட்டார். தானே போய், அவர்கள் எதிரில் நின்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

எங்கள் காட்டு மூலையில் ஒரு முனியப்பன் இருக்கிறார். ஆண்டுதோறும் ஆடி மாதப் படையலில் அவருக்குச் சுருட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார். நூலால் கட்டிய நம்மூர்ச் சுருட்டுக் கட்டைத்தான் தொடக்கத்தில் வைத்து வந்தோம். அதற்கு உறையும் கிடையாது, எங்களுக்குள் சண்டையும் கிடையாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் ஆப்பிரிக்காவுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வளாகத்தில் தண்ணீர் பீறிட்டு வந்ததில் மனம் குளிர்ந்துபோன பெரியவர் ஒருவர், மரப்பெட்டி நிறையச் சுருட்டை அண்ணன் கையில் கொடுத்தாராம். ஒவ்வொரு சுருட்டுக்கும் தனித்தனியே கண்ணாடித்தாள் உறை. அண்ணன் அதை முனியப்பனுக்கென்று அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார். நானும் பார்க்கப் போயிருந்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"ஏனுங்கண்ணா, முட்டாய்க்குச் சுத்தறாப்பல தாளைச் சுத்தியிருக்குது. பிரிச்சுப்போட்டு வைங்க. இலைன்னா மூச்சு விடணுமில்லீங்க? வெத்தலையைக் கவர்ல கட்டி வெச்சா ரெண்டே நாள்ல அழுகிப் போகுது" என்றேன்.

"வெத்தலை பச்சை இலை. இது காஞ்சு பக்குவமானது. குழி தோண்டற புது இரும்பு பிட்டை நாங்க கிரீஸ் தடவித் தாள்ல சுத்தித்தான் வெப்போம். மண்ணுக்குள்ள எறக்கற அன்னைக்குத்தான் பிரிப்போம்."

"முனியப்பனுக்கு நாம சுருட்டுத்தான வெக்கறோம், பிட்டு வெக்கலீங்களே."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து போனை எடுத்தால், நலம் விசாரித்து முடித்த கையோடு சுருட்டுக்குத்தான் வருவோம்.

ஒரு ஐப்பசி மழையில் உறைக்குள் ஈரம் கோத்து, மூன்று சுருட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. நான் வாழப்பாடியில் இருந்தபடியே உறவினர் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் போனில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். உடனே அண்ணன் பாதிச் சுருட்டுக்கு உறையைப் பிரித்து வைத்தார். அடுத்த கத்திரி வெயில் அந்தப் பாதியைக் காயவைத்துச் சருகாக்கியது. ஆடியில் பூசாரி எடுத்துப் பற்றவைக்கப் போக, சுருட்டு அவர் விரலிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

நடுவில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவர் சொன்ன அன்றே, தான் அதுவரை பிடித்துவந்த சுருட்டை நிறுத்தினார். அதன்பின் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. பிடிப்பதுதான் நின்றதே தவிர, பத்திரப்படுத்துவது நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் ரிக் நண்பர்கள் பெட்டி கொண்டுவந்தபடியே இருந்தார்கள்.

கடைசியாக அண்ணன் முறையாகவே ஒரு சோதனை வைத்தார். ரிக் வண்டியில் குடிதண்ணீர் வைக்கும் பழைய ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்தார். மூடினால் காற்றுப் புகாது, வெயிலும் ஏறாது. அதற்குள் இரண்டு சுருட்டுப் பெட்டிகளை மூடியில்லாமல் வைத்தார். ஒன்றில் உறையோடு, அது அவருடையது. இன்னொன்றில் உறையில்லாமல், அது என்னுடையது. இலை காய்ந்துவிடாமல் இருக்கச் சின்னக் கிண்ணத்தில் நனைத்த பஞ்சு. பூசணமும் வராது, சருகாகவும் ஆகாது. இனி நீயா நானா பார்த்துவிடலாம் என்றார்.

எனக்கு வெற்றி உறுதி என்று தோன்றியது. அதைச் சொன்னபோது அண்ணன் ஒன்று சொன்னார். "பொட்டிக்குள்ள சுருட்டு மட்டும் இருந்தா நீ சொல்றது செரிதான். நம்மூட்டுல எந்தப் பொருளு தனியா இருந்திருக்குது? ஆராச்சும் ஒருத்தரு எதையாச்சும் கொண்டாந்து பக்கத்துல வெப்பாங்க. அதுக்குத்தான் உறை."

தோற்கப் போகிறவர் சொல்லும் சாக்கு என்று நான் சிரித்தேன்.

போன ஆண்டு அண்ணன் சேலத்தில் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். பேச்சு குறைந்துவிட்டது. ஆனாலும் நான் உள்ளே போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வருசத்துக்கு நீதான் முனியப்பனுக்கு வெக்கணும். அப்பத் தொறந்து பாரு. ஆரு ஜெயிச்சாலும் மலர்ல எழுதிப்போடு" என்றார். அண்ணியிடம் பஞ்சை மட்டும் வாரம் ஒருமுறை நனைத்துவிடச் சொன்னார். அதிலிருந்து மூன்றாம் நாள் விடியற்காலையில் அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஏன் நான் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறப்பு நடந்த வீட்டாரும் பங்காளிகளும் ஓராண்டு கோயில் காரியம் செய்வதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணான எனக்கு அந்தத் தடை இல்லை. நான் வைக்காவிட்டால் இந்த ஆண்டு முனியப்பனுக்குச் சுருட்டு இல்லை.

நேற்று முன்தினம், ஆடிப் படையலன்று, வாழப்பாடியில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தேன். அண்ணியும், அண்ணன் மகள் கவிதாவும், நானும் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். தேர்வு முடிவு பார்க்கப் போகும் பிள்ளையைப் போல நான் பெட்டியருகே நகர்ந்துகொண்டேன். கவிதா மூடியைத் தூக்கினாள்.

குப்பென்று கற்பூர வாசம்.

சுருட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கற்பூரப் பொட்டலங்கள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. அண்ணியின் முகம் வாடிவிட்டது. "ஒரு வருசம் ஊட்டுல நோம்பி நொடி, பூசை இல்லையே, வாங்கி வெச்ச கற்பூரம் கரைஞ்சு போயிருமேன்னு காத்துப் புகாத பொட்டியில வெச்சேன் அம்மிணி. நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றார்.

நான் என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். இலை பட்டுப்போல இருந்தது. காயவில்லை, பூசணம் பூக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் சுருட்டு என்று சொல்ல முடியாது, முழுக்கக் கற்பூரம். அண்ணன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தேன். அதுவும் அதே பதம். ஆனால் முகர்ந்தால் புகையிலை. அடியில் லேசாகக் கற்பூரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அத்தை, இது போங்காட்டமுங்க. கற்பூரம் கணக்குல வராதுங்க" என்றாள் கவிதா.

எனக்கும் அப்படிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்ததை மறைக்கவில்லை. ஆனால் யாராவது எதையாவது கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள் என்று அண்ணன் அன்றைக்கே சொன்னது என் காதில் கேட்டது. அவர் சுருட்டை மட்டும் தெரிந்தவர் அல்ல, எங்கள் வீட்டையும் தெரிந்தவர். ஆகவே உற்றார் உறவினர் அனைவரும் அறிய எழுதுகிறேன். அண்ணன் ஜெயித்தார். நான் தோற்றேன். ஐப்பசிப் பூசணத்தின்போது நான் போனில் பேசிய பேச்சுகளை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முனியப்பனுக்கு இரண்டு விதத்திலும் ஒவ்வொன்று வைத்தேன். பூசாரி இரண்டையும் பற்றவைத்தார். என்னுடையதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தனியாக் கற்பூரம் காட்ட வேண்டியதில்லைங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்; இந்த ஓராண்டில் அண்ணியும் கவிதாவும் நானும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

அண்ணனை இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும், வெளிமாநிலத்தில் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்ற ரிக் தொழிலாளர்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுருட்டு வாசமே ஆகாத எங்கள் அண்ணி, ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு வாரம் தவறாமல் அந்தப் பஞ்சை நனைத்து வைத்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. என் பெட்டியில் சுருட்டுகளை எடுத்தபோது அடியில் ஒரு கட்டு கிடைத்தது. பிரித்த உறைகள் அத்தனையையும் அண்ணன் நீவி, அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். தங்கை ஒருநாள் தோற்று வருவாள், அன்றைக்குத் தேவைப்படும் என்று நினைத்திருப்பார் போலும். கோயிலிலிருந்து திரும்பியதும் என் பெட்டியில் மீதி இருந்த சுருட்டுகளுக்கு அந்த உறைகளை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார். "கற்பூர வாசந்தான் முழுக்க ஏறிப்போச்சே அம்மிணி. இனி எதுக்கு உறை?"

"ஏறுனது எறங்கீரக் கூடாதுங்க" என்றேன்.

அண்ணன் போன துக்கத்தில் இந்த ஓராண்டு எங்கள் வீட்டில் ஏற்றாமல் இருந்த கற்பூரம் அது. ஐஸ் பெட்டியை மூடி, பஞ்சை நனைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.