மலிவான மால்ட்டில் முதல் லாகர்

சமையல் கேஸுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் எங்கள் விடுதியின் இளைய முதலாளி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சமையலறைக்குப் பின்னாலிருந்த பியர் அறையின் சாவியை என் கையில் கொடுத்து, "ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பாத்துக்குங்க" என்றார். அறையில் மூன்று சில்வர் அண்டாக்களும், ஒரு தெர்மாமீட்டரும், பாதி காலியான ஒரு மூட்டை ஜெர்மன் மால்ட்டும் இருந்தன.

விடுதி என்றால் பெரியதாக நினைக்க வேண்டாம். நுவரெலியாவுக்குச் சற்று வெளியே, வெள்ளைத் துரைமார் காலத்துப் பங்களா ஒன்றை ஹட்டன் பஸாரில் கடை வைத்திருந்த குடும்பம் வாங்கி, சில அறைகளை வாடகைக்கு விட்டிருந்தது. அதே வீட்டின் பின்கட்டில், முறையாக அனுமதி எடுத்து, இளைய முதலாளி தன் ஆசைக்கு பியர் போட ஆரம்பித்தார். தங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் ஊற்றுவோம். நான் சமையலறை வேலைக்குச் சேர்ந்தவள். அண்டா கழுவப் போய், பிறகு மால்ட் அரைக்கப் போய், கடைசியில் அவர் இல்லாத நாட்களிலும் நானே போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பெண்பிள்ளை பியர் காய்ச்சுகிறாள் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போட்டது வெளிர் லாகர் என்ற பியர் வகை. பார்லியை ஊறவைத்து, முளை விட்டதும் சூட்டில் காயவைத்தால் மால்ட். கறுப்பு பியரில் கருக வறுத்த மால்ட் கொஞ்சம் சேரும். அந்த வாசம் மற்றக் குறைகளையெல்லாம் மூடிவிடும். வெளிர் லாகரில் அந்த வசதி கிடையாது. முழுக்க முழுக்க ஒரே மால்ட், தண்ணீர், கசப்புக்குக் கொஞ்சம் ஹாப்ஸ், நொதிக்க ஈஸ்ட். மால்ட் எப்படியோ பியர் அப்படி. அதனால்தான் இளைய முதலாளி ஜெர்மன் மால்ட்டைத் தவிர வேறெதையும் வாசற்படி ஏற்றவில்லை.

மிச்சமிருந்த கேஸில் அந்த அரை மூட்டையைப் போட்டுத் தீர்த்ததும் கொழும்புக்குப் போன் போட்டு விலை கேட்டேன். பழைய விலையைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. இளைய முதலாளியின் தாயான முதலாளியம்மாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இந்த வெலைக்கு வாங்கி நாம பியர் போட ஏலாதும்மா. ரூம்புக்கு ஆளு வாறதே கொறைவு."

"மலிவா வேற மால்ட் கெடைக்குமான்னு பாக்கிறேன் மேடம்."

"பாரு. ஆனா வாய்ல வைக்க முடியாததப் போட்டு விருந்தாளிங்களுக்குக் குடுக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறார். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய், பெரும்பாலும் வெறும் லொறியோடு திரும்புவார். பேக்கரிச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கடையில் இந்திய மால்ட் இருப்பதை அவர்தான் விசாரித்துச் சொன்னார். இருப்பதில் மிக வெளிறியதாக ஒரு மூட்டை எடுத்துவரச் சொன்னேன். லாகர் வெளிராக இருக்க வேண்டும், ஆகவே மால்ட்டும் வெளிராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அவர் கொண்டுவந்த மூட்டையில் கைவிட்டு, சில மணிகளைக் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று, லேசான தித்திப்போடு, குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

பியர் போட்டேன். கிடைத்த கொஞ்சம் கேஸ் தீரும்வரை கொதிக்கவைத்தேன். வாரக்கணக்கில் குளிரில் வைத்து, ஒரு கிளாஸ் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனபோது சோளம் மணத்தது. ரோட்டோரத்தில் அண்டா வைத்து அவித்து விற்பார்களே, அந்த மூடியைத் திறந்ததும் வரும் ஆவி. அதே வாசம். சோளமாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். பியரில் அது தாங்க முடியவில்லை. கண்டியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் மனம் நோகாதபடி கிளாஸை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார்கள்.

முதலாளியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மலிவா வாங்குனா இப்பிடித்தான் போல. இன்னும் ஒரு தடவ போட்டுப் பாரும்மா. சரிவரலன்னா அண்டாவெல்லாம் வித்துருவோம். நீ பழையபடி குசினிக்கே வந்துரு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. ஆனால் அந்த அறைக்குள் எந்த நெருப்பை எப்போது அணைப்பது என்று தீர்மானிக்கிறவள் நான். வேறு எந்த இடத்திலும் எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, அது போய்விடுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் ஒரு தேயிலை ஃபாக்டரி ஒஃபிசில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு தூளையும் தனித்தனிக் கோப்பையில் ஊற்றி, வரிசையாக வைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மால்ட்டையும் ஏன் அப்படிப் பார்க்கக் கூடாது? முழு அண்டா போட்டுக் கெடுத்த பிறகு அழுவதைவிட அது நல்லதல்லவா? அடுத்த முறை கொழும்பு போன வீட்டுக்காரரிடம், அந்தக் கடையிலிருக்கும் வேறு மால்ட்டில் ஒரு பை வாங்கிவரச் சொன்னேன். கொஞ்சம் கூடுதல் சூட்டில் காயவைத்த ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தனுப்பினார். லாகருக்கு யாரும் கேட்காததால் அது தேங்கிக் கிடக்கிறதாம். விலை இன்னும் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே பரீட்சையை ஆரம்பித்தேன். பியர் போடவில்லை, மால்ட் சாறு மட்டும்தான். மால்ட் கொட்டிவைக்கும் டின்னின் அடியில் ஒட்டிக் கிடந்த ஜெர்மன் மால்ட், சோளம் மணத்த வெளிர் மால்ட், புதிதாக வந்த இந்த மால்ட். மூன்றையும் தனித்தனியாகப் பொடித்து, சுடுதண்ணீர்ப் பிளாஸ்கில் ஊறவைத்து, வடித்து, ஜாம் போத்தல்களில் ஊற்றி வாசம் வெளியே போகாதபடி இறுக்கி மூடினேன். போத்தல்களைக் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தி நன்றாகச் சூடாக்கி, ஆறவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

வெளிர் மால்ட்டில் சோளம். அது எதிர்பார்த்ததுதான். ஜெர்மன் மால்ட்டைத் திறந்தேன். அதிலும் சோளம்! என் மூக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வாசலுக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி மோந்தேன். அதே சோளம்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் குடிக்காதவர். பியர் வாசமே பிடிக்காது.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டு இத மோந்து பாருங்க."

"என்னா புள்ள இது, ஆஸ்பத்திரியில டெஸ்ட்டு எடுக்கிற மாதிரி."

"மோந்து பாருங்களேன்."

முதலிரண்டு போத்தல்களுக்கும் அவர் "சோளக்கதிரு" என்றார். மூன்றாவதை இரண்டு முறை மோந்துவிட்டு, "இது பிஸ்கட்டு. டீயில முக்குற பிஸ்கட்டு. இருக்கா ரெண்டு?" என்றார்.

நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சிரித்தேன். மால்ட் மலிவானதால் கெட்டுப்போகவில்லை. வெளிறிய மால்ட் எதுவானாலும் அந்த வாசத்துக்கான சரக்கு அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. குறைந்த சூட்டில் காயவைப்பதால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. நெடுநேரம் திறந்து கொதிக்கவைத்தால்தான் ஆவியோடு போகும். எங்கள் மலை உயரத்திலோ தண்ணீர் நூறு டிகிரி ஏறுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது, அதனால் அது போக இன்னும் நேரமெடுக்கும். இளைய முதலாளி அண்டாவை அரைநாள் கொதிக்கவிட்டதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டுப்பாட்டுக்கு முன், அவர் போட்ட நாட்களில், கேஸ் தாராளமாகக் கிடைத்தது. கூடுதல் சூட்டில் காய்ந்த மால்ட்டில் அந்தச் சரக்கு முன்பே பெரும்பகுதி போய்விட்டிருக்கிறது. என் அடுப்புக்கும் என் மலைக்கும் ஏற்றது இதுதான்.

இளைய முதலாளிக்கு வட்ஸ்அப்பில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"நெறம் கூடிருமே. வெளிரா இல்லாட்டி அது என்னா லாகரு?"

"கொஞ்சம் பொன்நெறமா வரும் தம்பி. ஆனா சோளம் மணக்காது."

மூன்று போத்தலும் எப்படி மணத்தன என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் எங்கயோ இருக்கேன். மோந்து பாத்தது நீங்கதானே? போடுங்க" என்றார்.

அந்த மால்ட்டில் ஒரு மூட்டை வரவழைத்துப் பியர் போட்ட அன்று, சொல்லாமல் கொள்ளாமல் எங்கம்மா வந்து நின்றார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். எங்கப்பா குடித்துக் குடித்தே செத்தவர். குடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவில் போய் ஒளிந்துகொள்வார். நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அம்மா விடுதிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அன்று அறை வாசலில் நின்று, ஆவி பறக்கும் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதக் குடிச்சிட்டுப் போயி ஆம்பளைங்க பொண்டாட்டிய அடிப்பாங்களாடி?"

கரண்டியை வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அடிக்கிறவங்க எதக் குடிச்சாலும் அடிப்பாங்கம்மா. இங்க வாறவங்க ஒரு கிளாஸு குடிச்சிட்டுச் சாப்பிட்டுப் படுத்துருவாங்க. அதுக்கு மேல கேட்டா நான் குடுக்க மாட்டேன்."

"குடுக்க மாட்டேன்னு ஒன்னால சொல்ல முடியுமா?"

"இந்த ரூம்பு சாவி என்கிட்டதாம்மா இருக்கு."

அம்மா மூட்டையிலிருந்து நாலு மணி எடுத்து வாயில் போட்டு மென்றார். "இனிக்குது" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் வேலை முடிக்கும்வரை கூடவே இருந்தார். போகும்போது மால்ட்டின் சக்கையை ஒரு சாக்கில் கட்டி, மாட்டுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு என் வேலை பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் கொஞ்சம் போயிருந்தது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிறகு காத்திருப்பு. லாகர் குளிரில் மெதுவாக ஆக வேண்டியது. மற்ற ஊர்களில் அதற்குப் பெரிய பிரிட்ஜ் வேண்டும். எங்களுக்கு அறை ஜன்னலைத் திறந்துவைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முதலில் பியர் கலங்கலாக இருந்தது. இந்திய மால்ட் கலங்கலாக வரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். தினமும் ஒரு சின்னக் கிளாஸில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒருநாள் கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம் முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். வெளியே மழை விட்டு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எதையும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கிறவரல்ல. கிளாஸைத் தூக்கி நிறம் பார்த்தார். பழையதைவிட ஒரு சாயல் கூடுதல்தான், வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி. மோந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

"சோளம் இல்ல," என்றார்.

"இல்ல மேடம்."

"நல்லாருக்கும்மா. எம் மகன் போட்டதவிட... சரி, அவன்கிட்ட சொல்லிறாத." சிரித்தார். "ரெண்டு மூட்ட எடுத்துவரச் சொல்லு ஒன் வீட்டுக்காரர்கிட்ட."

அவர் போனதும் கிளாஸைக் கழுவிவைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. குசினிக்குப் போய், மிச்சமிருந்த ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலையும் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் ரொட்டி தின்றதில்லை.

இன்றுவரை அதே மால்ட்தான். போன கிழமை கடைக்காரர் போன் போட்டு, இன்னும் மலிவாக ஒன்று வந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அடுப்பைச் சிறிதாக்கப் போனேன்.