பின்வளவில் கேட்ட கீச்சொலி

சில வருஷங்களுக்கு முந்தி, தினமும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலம். சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற எங்கட வீட்டில்தான் இது நடந்தது.

எனக்குக் கோழி என்றால் பைத்தியம். கால்விரல் வரைக்கும் இறகு வளர்கிற பிரம்மா கோழி மேல் நெடுநாள் ஆசை. கலப்பில்லாத சாதிதானா என்று நன்றாக விசாரித்து, கண்டிப் பக்கத்து வளர்ப்பாளர் ஒருவரிடம் பன்னிரண்டு முட்டை எடுத்தேன். என் கணவர் மீன் போடுகிற வெள்ளை ரிஜிபோம் பெட்டிக்குள் சூட்டுக்குப் பல்ப் பூட்டித் தந்தார். அதில் முட்டைகளை வைத்து, கரண்ட் போகிற நேரமெல்லாம் சுடுதண்ணிப் போத்தலால் சூடு கொடுத்துச் சமாளித்தேன்.

இருபத்தோராம் நாள் பொரிக்க வேண்டும். பொரிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. இருபத்துமூன்றாம் நாள் காலை, பொறுக்க முடியாமல் ஒரு முட்டையை உடைத்தேன். உள்ளே இறகு முளைத்த முழுக்குஞ்சு செத்துக் கிடந்தது. அழுகை வந்துவிட்டது. மற்றதுகளும் இப்படித்தான் என்று நானே முடிவெடுத்தேன். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்க்கிற பொறுமைகூட இருக்கவில்லை. பின்வளவில் குழி தோண்டி, பதினொன்றையும் போட்டு, மேலே லேசாக மணலைத் தள்ளி மூடினேன். பெட்டியையும் நிறுத்திவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுது சலாம் கொடுக்கும்போதுதான் கேட்டது. கீச்... கீச்...

வீட்டில் நான் மட்டும்தான். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டி. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுவருக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது. பிறகு குசினிப் பக்கம், அடுப்படியில் கேட்டது. பின்கதவைத் திறந்து வளவில் கால் வைத்ததும் சட்டென்று நின்றுபோனது. அசையாமல் நின்றேன். வெயில் கொளுத்துகிறது, ஒரு காகம்கூட இல்லை. திரும்பவும் கீச்... இந்த முறை என் காலடியில்.

ஆயத்துல் குர்ஸியை ஓதினேன், பாதியில் நா குழறியது. வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டேன்.

அவ வந்து, தலையைச் சரித்துக் கேட்டா. முகம் மாறிப்போனது.

"புள்ள, இஞ்ச என்னத்தத் தாட்ட?"

"முட்ட ராத்தா. செத்த முட்ட."

"செத்ததா? கதைக்குது புள்ள! தோண்டு!"

ரெண்டு பேரும் கையாலேயே மணலைத் தோண்டினோம். சுடுமணல். ஒரு முட்டை என் விரலுக்குக் கீழே அசைந்தது. அந்த நிமிஷம் கையை இழுத்துக்கொண்டேன், ராத்தாதான் அதை எடுத்தா. மூன்று முட்டைகளுக்குள் உயிர் இருந்தது. அன்று பின்னேரம் அஸருக்குள்ளே, திரும்பப் பெட்டியில் சூட்டில் வைத்த அந்த மூன்றும் ஓட்டை உடைத்து வெளியே வந்தன. கரண்ட் வெட்டில் சூடு குறைந்ததால்தான் பிந்தியிருக்கின்றன என்று பிறகு அந்த வளர்ப்பாளர் போனில் சொன்னார்.

மூன்று குஞ்சு பிழைத்தும், எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. குழியில் மிஞ்சிய எட்டில் ஆறு முட்டைகள் கீறல்கூட இல்லாமல் கிடந்தன, மற்ற ரெண்டும் அப்படியில்லை. ஓட்டில் உள்ளிருந்து கொத்திய துளை, துளை நிறைய மணல், சத்தமில்லை.

இப்போது எங்கட வளவில் பிரம்மாக் கோழிகள் நிறைய. ஆனாலும், நான் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருக்கும்போதே அந்த ரெண்டும் உள்ளே தட்டிக்கொண்டிருந்தனவா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எதையும் முடிந்துபோனது என்று நான் அவசரப்பட்டுச் சொல்வதுமில்லை.