அம்மாவின் கைக்கு வாங்கிய வலை

நனைந்த நைலான் வலையை எங்கள் லயத்து வரிசைவீட்டின் ஒற்றை அறையான "காம்பரா"வுக்குள் மாட்டிவைத்தால், அடுப்புப் புகையையும் மீறிக்கொண்டு நீர்த்தேக்கத்துச் சேற்று வாடை வீடு முழுக்க நிற்கும். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல்களைப் பறிகொடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு தோட்டத்துக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் போய் உட்காருவதுதான் அப்பாவுக்கு ஆறுதலாக இருந்தது. தூண்டிலை இடக்கையில் பிடித்து எப்படியோ சமாளித்துவிடுவார். ஆனால் பெரிய கெண்டை கரைக்கு வந்தால் அதை வலையில் அள்ள இன்னொரு கை வேண்டும்; அது அம்மாவின் கை. பழைய வலை பொத்தலாகி ஒரு பெரிய மீன் கண்ணெதிரே நழுவிப்போனதும், என்னையும் கூட்டிக்கொண்டு இருவரும் ஹட்டன் டவுனுக்குப் போனார்கள்.

மீன்பிடிச் சாமான் விற்ற, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர், மடக்குகிற பிடி வைத்த வலை ஒன்றை முதலில் எடுத்துக் காட்டினார்.

"நானா, அள்ளப்போறது இவதான். இவ கைக்குத் தோதாப் பாருங்க" என்றார் அப்பா.

அம்மா அதை வாங்கி உலுக்கினார், மூட்டு லொடலொடத்தது. அடுத்ததற்கு வாய் அகலம், பை ஆழமில்லை. "பெரிய மீனு துள்ளுனா வெளிய போயிரும் தங்கச்சி" என்று நானாவே அதைத் திருப்பி வைத்தார். கடைசியில் ஆழமான பையும் மூட்டில்லாத நீளப் பிடியும் உள்ள ஒன்றை எடுத்து, கடையின் சிமெந்துத் தரையே தண்ணீர் என்பதுபோல் அம்மா குனிந்து அள்ளிப் பார்த்தார். கொழுந்துக்கூடை சுமந்து பழகிய உடம்பு. பிடி அவருக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. "இது போதுங்க" என்றார்.

அந்த வலையால் அம்மா அள்ளியதெல்லாம் சின்ன மீன்கள்தான். சில ஞாயிறுகளுக்குள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டார். அப்பாவின் கை அப்படியான பிறகு வீடு ஓடுவதற்கு வேறு வழி தெரியவில்லை. ஆள் அனுப்புகிறவரின் வேனில் அப்பாதான் பையை ஏற்றி வைத்தார். போகாதே என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு வலை என் கைக்கு வந்தது. ஐந்தாம் ஆண்டு படித்த எனக்கு அதன் பிடி என்னைவிட நீளம். ஒரு ஞாயிறு, தூண்டில் வில்லாக வளைய, நாங்கள் அதுவரை பார்த்திராத பெரிய கெண்டை கரையோரம் வந்தது. "தூக்காத பாப்பா, பின்னால இழுத்துக்கிட்டே போ" என்றார் அப்பா. மீனின் தலையும் பாதி உடம்பும் வலைக்குள் வந்துவிட்டன. இழுத்தேன், வரவில்லை. அது ஒரு முறை புரண்டதும் சேறு வழுக்கி நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போனேன். அப்பாவுக்கு இருந்தது ஒரு கை. தூண்டிலை விட்டுவிட்டு என் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். தூண்டில் தண்ணீர்மேல் போய்க்கொண்டே இருந்ததையும், வலை எங்கேயோ அமிழ்ந்துபோனதையும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று அம்மா தொலைபேசியில் பேசினார். "மீனு கெடச்சிச்சாங்க?" என்று கேட்டார்.

"கெடச்சிச்சு. பெருசு. கொழம்பு வச்சோம்" என்றார் அப்பா.

சில வருடங்கள் கழித்து அம்மா திரும்பி வந்தபோது வலத்தோள் இறங்கியிருந்தது. "வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார். அப்பா அவர் பையை இடக்கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இன்று அந்த லயம் இல்லை. மண் சரியும் இடமென்று எங்களை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் கை இப்போதும் தோளுக்குமேல் உயர்வதில்லை. காலையில் அவருக்குத் தலைசீவி விடுவது நான்தான். சீப்பு சிக்கும்போது வலிக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பார்.