லிஃப்டம்மாவின் எதிர் எடை

கையில் பேனாவோடு லிஃப்டம்மா வீட்டைச் சுற்றி வருகிறாள். வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இது தவறாமல் நடக்கும். அவள் பார்வை எந்தப் பொருள்மேல் மூன்று விநாடிக்கு மேல் நிற்கிறதோ, அந்தப் பொருள் அடுத்த வருடத்தைப் பார்க்காது. அதனால்தான் அவளுடைய கணவன் அன்றைக்கு மட்டும் ரேடியோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பதினாறு வருடமாக ஒரு கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்ப்பவள். சீருடையின் மேல்பையில் டெஸ்டர், பக்கவாட்டுப் பையில் கிரீஸ் துடைக்கும் துணி. எந்த லிஃப்டில் ஏறினாலும் கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு மாடி போனதும், “மூணாவது மாடிக் கதவு இருமுது” என்பாள். போய்ப் பார்த்தால் அந்தக் கதவின் உருளை தேய்ந்திருக்கும். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, பார்க்கப் போனவள் முக்கால் மணி நேரம் லிஃப்டுக்குள்ளேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. அந்த லிஃப்ட் சரியாகிவிட்டது என்று கணவன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுகிறான்.

லிஃப்ட் பெட்டி ஒரு பக்கம் தொங்கினால் கயிற்றின் மறுமுனையில் இரும்புப் பாளங்கள் தொங்கும். அதுதான் எதிர் எடை. பெட்டி ஏறும்போது அது இறங்கும். அது இல்லாவிட்டால் மோட்டார் திணறிப் போகும். இந்தத் தொழில் ரகசியத்தை அவள் வாழ்க்கைக்கும் மாட்டிவிட்டாள். வருடத் திட்டம் எழுதும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறாள். இடப்பக்கம் அடுத்த வருடம் சாதிக்கவேண்டியது. வலப்பக்கம் அதற்காக வீட்டைவிட்டுப் போகவேண்டியது. “ஒண்ணு ஏறணும்னா ஒண்ணு இறங்கணும். ஆசையையும் வச்சுக்கிட்டு, சாமானையும் சேத்து வச்சா எப்படிங்க இழுக்கும்?”

சூப்பர்வைசர் பரீட்சை எழுதிய வருடம் சோபா போயிற்று. கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்ட வருடம் டிவி. கார் ஓட்டப் பழகிய வருடம் ஒரு பீரோவும், அதற்குள் இருந்த பாவத்துக்காகக் கணவனுடைய ஆறு சட்டைகளும். கணவனுக்கு எரிச்சல் இதிலெல்லாம்கூட இல்லை. அவள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஒரே ஒரு தடவை தோற்றிருந்தால், இந்தக் கணக்கே தப்பு என்று அவன் மேசையைத் தட்டிச் சொல்லியிருப்பான். தட்டுவதற்கு மேசையும் இப்போது இல்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே மேசை மகளுடையது. அதன்மேல் அவள் கொட்டை எழுத்தில், ‘இது படிப்புக்கு, தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

வருகிறவர்கள் வீடு விசாலமாக இருப்பதாகப் பாராட்டுவார்கள். உட்கார இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தால் எந்த வீடும் விசாலமாகத்தான் தெரியும் என்பான் கணவன்.

இந்த வருடம் விஷயம் பெரியது. ஏழு கட்டிடங்களின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவளிடம் நேரடியாகவே கேட்டிருந்தார். கம்பெனியை விட்டுவிட்டு, சொந்தப் பொறுப்பில் அத்தனை லிஃப்டையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் பொத்தான்களுக்கு மேலே இருக்கும் தகட்டில் அவள் பெயர் இருக்கும். பதினாறு வருடமாக அந்த இடத்தில் கம்பெனியின் பெயரைத் துடைத்துத் துடைத்து வைத்தவள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு போன் செய்கிறேன், பதில் சொல்லுங்கள் என்றிருந்தார் செயலாளர்.

இடப்பக்கம் எழுதியாயிற்று: ‘சொந்தக் கம்பெனி. ஏழு கட்டிடம்.’ வலப்பக்கத்துக்காக வீட்டை இரண்டு சுற்று வந்தாள். கனமாக எதுவும் அகப்படவில்லை. ரேடியோவை ஒரு பார்வை பார்த்து, அது கால் கிலோகூடத் தேறாது என்று விட்டுவிட்டாள். அப்புறம் உட்கார்ந்து ஒரே ஒரு சொல் எழுதினாள். கணவன் எட்டிப் பார்த்தான்.

‘ஞாயிற்றுக்கிழமை.’

அவன் மருந்துக்கடையில் மாலை முறை வேலை பார்ப்பவன். காலையில் ஏழு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

“அன்னிக்குத்தாங்க குடியிருக்கறவங்க எல்லாரும் வீட்ல இருப்பாங்க, அன்னிக்குத்தான் லிஃப்ட் மாட்டிக்கும். நான் போய்த்தானே ஆகணும்?”

வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

“ஆள் போட்டா ஆபீஸ் வேணும், வண்டி வேணும். அப்புறம் அதுக்குக் காவல் காக்கணும். நான் பெருசா கேக்கல. சொந்தமாத்தான் கேக்கறேன்.”

மேசையிலிருந்து மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அடுத்த வருஷம் வலது பக்கம் நம்ம ரெண்டு பேர்தான்ப்பா. நீங்கதான் கனம். முதல்ல நீங்க.”

கணவன் சிரிக்கவில்லை. ரேடியோவைக் கீழே வைத்தான். “உன் பாடத்துலயே ஒரு சந்தேகம். பெட்டியில ஆளே இல்ல. பிரேக்கையும் விட்டாச்சு. பெட்டி எங்க போகும்?”

“மேல போகும்,” என்றாள் அவள், பழக்கத்தில். “எதிர் எடைதானே அப்ப கனம்.”

“போயி?”

“உச்சியில இடிச்சுக்கும்.”

“பதினாறு வருஷமா இந்த வீட்லேந்து ஒவ்வொண்ணா இறக்கிட்டே. இப்ப ஆளையும் இறக்கறே. ஏறிப் போறது காலிப் பெட்டி, தாயே. அதுக்கு எதுக்கு உன் பேரு?”

லிஃப்டம்மா தாளைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. எடையைக் கூட்டிப் பார்க்கிறபோது அப்படித்தான் அசையும்.

போன் அடித்தது. அவள் எழுந்து நின்றே பேசினாள். “ஏழு வேணாம் சார். நாலு பாக்கறேன். ஞாயித்துக்கிழமை யாராவது உள்ள மாட்டிக்கிட்டா மட்டும் வருவேன். லைட் எரியல, மணி அடிக்கலன்னா திங்கக்கிழமைதான்.” அன்றைக்குப் போடாத சீருடையின் பையில் கிரீஸ் துணியை அவள் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. பிறகு செயலாளர் இழுத்து இழுத்து ஏதோ சொன்னார். “சரிங்க சார்,” என்று வைத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. நாலு கட்டிடம், பதினோரு லிஃப்ட்.

தாளில் ‘ஏழு’ என்பதை அடித்து ‘நாலு’ என்று எழுதினாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. வலப்பக்கத்தின்மேல் கணவன் உள்ளங்கையை விரித்து அழுத்தியிருந்தான்.

“கைய எடுங்க. அடிக்கணும்.”

அவன் இன்னொரு கையைப் பேனாவுக்காக நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் அந்தச் சொல்லை அடித்தான். ஒரு கோடு போதும்தான். அவன் தாள் கிழியும்வரை அடித்தான்.