பச்சை லைட் எரிந்தால் அவர் பார்க்கிறார்

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் பெரிதாக இல்லை. இராஜாக்கமங்கலத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன், டைப்பிங், பிரிண்ட் அவுட், பழைய லேப்டாப் ரிப்பேர், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். என் தொழிலில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும், வயர் லூசாக இருக்கும், இல்லையென்றால் யாராவது சாயாவைக் கொட்டியிருப்பார்கள், கேட்டால் மாதா மேல் சத்தியமாக இல்லை என்பார்கள். அப்படிப்பட்ட என்னிடம் வந்து யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், வேறு ஆளைப் பார் என்று அனுப்பியிருப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த தெருவில் வீடு. புருஷன் சேவியர் அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவர்கள் ஒரே வீட்டில் இருந்து பேசியதைவிட லேப்டாப்பில் பார்த்துப் பேசியதுதான் அதிகம். அண்ணன்தான் ஒரு லீவில் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், போனில் உன் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று. அக்காவுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்றே ஒன்று. கேமரா பக்கத்தில் ஒரு பச்சை லைட், அது எரிந்தால் அவர் பார்க்கிறார், அணைந்தால் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கல்ஃப்காரர் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் இது பழக்கம், லைட் எரிவதற்குள் தலையைக் கோதி உட்காருவார்கள், பிள்ளைக்கு அடி விழுவதென்றால் லைட் அணைந்த பிறகுதான் விழும்.

போன வருஷம் சேவியர் அண்ணன் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். பெட்டி வந்து சேர ரொம்ப நாளாகிவிட்டது, வந்ததும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடக்கத்துக்கு முன்னால் முகத்தில் முத்தம் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அக்கா மூடிய பெட்டியின் பலகையில் முத்தம் கொடுத்தாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த லேப்டாப்பும் பிறகு நின்றுபோனது. அக்கா அதை ஒரு துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தாள். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எக்கா, இது போச்சு. ஜென்சிட்ட சொல்லி ஒரு நல்ல போனு வாங்கு," என்றேன். ஜென்சி அவள் மகள், சென்னையில் நர்ஸ்.

"வேண்டாம் மக்கா. இதுலதான் அவிய என்னையப் பாப்பாவ. எப்பிடியாச்சும் சரியாக்கித் தா."

மனசு கேட்கவில்லை. புது டிஸ்க் போட்டேன். அந்தக் காலத்து மெஷின் இப்போதைய விண்டோஸைத் தாங்காது, லினக்ஸ் போடலாம் என்று உட்கார்ந்தேன், அது என்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டது. முதலில் பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டதும் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது, பூட் ஆகும் வரியில் டிஸ்ப்ளேக்கு ஒரு வார்த்தை சேர்த்த பிறகுதான் உள்ளே விட்டது. வைஃபை பிடிக்கவில்லை, என் போனைக் கேபிளில் மாட்டி நெட் கொடுத்து டிரைவரை இறக்கினேன். எல்லாம் சரியானது, கேமரா மட்டும் வரவில்லை. மெஷினில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் கேமரா என்ற பெயரே இல்லை. மூடியைப் பிரித்தேன். கேமராவுக்குப் போகும் மெல்லிய வயர் கீல் பக்கத்தில் அறுந்து இரண்டாகக் கிடந்தது. அந்த மாடலுக்கு இப்போது வயர் எங்கும் கிடைக்காது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப அந்தப் பச்ச லைட்டு எரியாதா?"

"எப்பிடி எரியும்? வயரே அறுந்து கெடக்கு. வெளிய மாட்டுற கேமரா ஒண்ணு வாங்கிக்க."

"அதுல லைட்டு உண்டுமா?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "லைட்ட வச்சு என்ன செய்யப் போற நீ?"

அக்கா அறுந்த வயரைத் தொட்டுப் பார்த்தாள். "அவிய மொகத்த நான் பாக்கல்ல மக்கா. அவியளாவது எனக்க மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போட்டும்னு பாத்தேன்."

மூடியைப் பூட்டி, துடைத்துக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வைஃபை மாட்டிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பை அது எப்போதும் இருக்கும் மேசையில் வைத்து ஆன் செய்தேன், நீலமாக வெறும் டெஸ்க்டாப் வந்து நின்றது. அக்கா உள்ளேயிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள், அண்ணன் போனதிலிருந்து கலர்ச் சேலை தொடாதவள் மாம்பழ நிறத்தில் ஒன்று உடுத்தியிருந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சேலை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்க்ரீனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அக்கா, அது எரியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

லைட் எரிந்தது.

பச்சையாக, நிதானமாக, எப்போதும் போல. நான் குறுக்கே கையை நீட்டி அந்தக் கட்டளையை மறுபடி அடித்தேன். கேமரா லிஸ்டில் இல்லை, அதை மூடிவிட்டேன். அறுந்த வயரை நானே என் கண்ணால் பார்த்தவள், நம்பினால் நம்புங்கள். லைட்டை விரலால் தொடப் போனேன்.

"கைய எடு மக்கா. மறைக்காத."

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பேசினாள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஜென்சிக்கு நைட் ட்யூட்டி மாற்றிவிட்டார்கள், அடுக்களையில் ஓடு ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன் என்றெல்லாம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினாள், போனில் அடுத்த ஆள் பேசும்போது நாம் நிறுத்துவோம் இல்லையா, அப்படி. "ஓ... ஓ... செரி," என்று தலையாட்டினாள். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "பெட்டியத் தெறக்க விடல்ல, கேட்டியளா," என்றாள். எழுந்து குனிந்து ஸ்க்ரீனில் முத்தம் கொடுத்தாள். எனக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

மறுபடி அவள் உட்கார்ந்தபோதுதான் அவள் கண்ணாடியைப் பார்த்தேன். ஸ்க்ரீன் அதில் சின்ன நீலக் கட்டமாகத் தெரிந்தது. கட்டத்துக்குள் ஒரு ஆள் இருந்தார். தலையும் தோளும். சட்டென்று ஸ்க்ரீனைத் திரும்பிப் பார்த்தேன், வெறும் நீலம். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தேன், அந்த ஆள் கையைத் தூக்கி, போய்விட்டு வருகிறேன் என்பதுபோல அசைத்தார். பிறகு அக்காவும் அசைத்தாள். லைட் அணைந்தது.

"பாத்தாச்சு மக்கா," என்றாள் அக்கா. யார் யாரைப் பார்த்தது என்று நான் கேட்கவில்லை, கண்ணாடியில் கண்டதையும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. கதவு வரை வந்து அனுப்பியவள், அண்ணன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த லேப்டாப் இப்போதும் ஓடுகிறது, வெளியே ஒரு கேமரா மாட்டி ஜென்சியோடு பேசுகிறாள், பழைய பச்சை லைட் அதற்குப் பிறகு எரிந்ததே இல்லை. அவளும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அக்காவின் உருவமே ஸ்க்ரீனில் பட்டு, திரும்ப அவள் கண்ணாடியில் தெரிந்திருக்கும், அவள் கை அசைத்தாள், அதனால் அதுவும் அசைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குள் அந்தக் கை அசைந்தபோது அக்காவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.