கலாவதியின் மூன்று பெயர்கள்

1. பாதியைக் காணோம்

பதவி உயர்வுக்கான ஆய்வுக் கட்டுரைப் பட்டியல்கள் மறுநாள் தேர்வுக் குழுவுக்குப் போக வேண்டும். அன்று காலையில் விஞ்ஞானி கலாவதி தன் பட்டியலின் பிரின்ட் அவுட்டோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், என் பேப்பர்ல பாதி இதுல இல்ல. போன தடவையும் இப்படித்தான். பேப்பர் கம்மின்னு இன்டர்வியூவுக்கே கூப்பிடல."

கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் எனக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸில் தேடி, ரிசல்ட்டைக் கட்டுரை விவரங்களை அடுக்கிவைக்கும் ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரில் ஏற்றி, டூப்ளிகேட் நீக்கிக் கொடுப்பது என் பிரிவின் வேலை. பதவி உயர்வுப் பட்டியலும் நாங்கள் எடுப்பதுதான். அவரவர் கொண்டுவருவதைக் குழு ஏற்காது.

நூலகத் தலைவர் நாராயணனிடம் போனேன்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. பேரை அடிச்சா என்ன வருதோ அதுதான் லிஸ்ட்."

"அந்த லிஸ்ட் தப்பா இருக்கே சார்."

"கம்ப்யூட்டர் குடுத்தது, நான் என்ன பண்ண?"

கம்ப்யூட்டர் மேல் பழி போடும் ஆட்களைக் கண்டால் எனக்கு அன்றும் பற்றிக்கொண்டு வரும், இன்றும் வரும்.

2. எங்கே போனது

கலாவதியின் அப்பா பெயர் ரங்கநாதன். கல்யாணத்துக்கு முன் எழுதியதெல்லாம் ஆர். கலாவதி. கணவர் சுரேஷ், அதனால் பிறகு எஸ். கலாவதி. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அது போதாதென்று சில வெளிநாட்டு இதழ்கள் குடும்பப் பெயர் கேட்டன. இவர் அப்பா பெயரைக் கொடுக்க, அவர்கள் கலாவதியைக் 'கே.' ஆக்கி, 'ரங்கநாதன் கே.' என்று போட்டுவிட்டார்கள். நாங்கள் தேடியது எஸ். கலாவதியை மட்டும். ஆண்களுக்கு இனிஷியல் மாறுவதில்லை, பட்டியல் முழுசாக வந்தது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்து சீட் ஏழுமலை எட்டிப் பார்த்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"இன்னா மேடம், ஒரே ஆளு மூணு பேரா கீறாங்க. மூணு சம்பளமும் வருதா?"

"ஒரு சம்பளமே ஏற மாட்டேங்குது. வந்து உக்காருங்க."

'ரங்கநாதன் கே.' என்று அடித்ததும் திரை நிரம்பி வழிந்தது. பெயரை விட்டுவிட்டு முகவரி, உடன் எழுதியவர், பொருள் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கலாவதியின் துறை உலோக அரிப்பு. அரிப்புக் கட்டுரைகள் ஒவ்வொன்றாகக் கையில் சிக்கின. அப்போது ஏழுமலை வேறொரு ஃபைலைத் தூக்கி வந்தார்.

"மேடம், இந்த அரிப்பு பேப்பரெல்லாம் ஏற்கெனவே நம்ம லிஸ்ட்ல கீது. வெல்டிங் ரங்கநாதன் சார் லிஸ்ட்ல."

வெல்டிங் பிரிவில் கே. ரங்கநாதன் என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். அவரும் அதே பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். டேட்டாபேஸில் அவரும் 'ரங்கநாதன் கே.'தான், அதனால் கலாவதியின் உழைப்பு அவர் கணக்கில் ஏறியிருந்தது.

3. வெல்டிங் ரங்கநாதன்

சண்டைக்குத் தயாராகத்தான் அவருக்குப் போன் போட்டேன். வந்தார், பட்டியலைப் படித்தார், சிரித்தார்.

"ஏம்மா, நான் ஒட்ட வைக்கிறவன். துருப்பிடிக்கிறதப் பத்தி எனக்கென்ன தெரியும்? வாங்க, நானே சொல்றேன்."

நாராயணன் அறையில் அவர் தன் பட்டியலிலிருந்து கலாவதியின் கட்டுரைகளைத் தன் பேனாவாலேயே அடித்தார். நாராயணன் முகம் மாறியது.

"அப்ப மத்த லிஸ்ட்டும் தப்பா இருக்குமா?"

"இனிஷியல் மாத்தினவங்க எல்லாருக்கும் தப்புதான் சார்."

நாராயணன் போனை எடுத்துக் குழுவிடம் அவகாசம் கேட்டார். "எல்லாத்தையும் திரும்ப எடுங்க," என்றார்.

எடுத்தோம். இனிஷியல் மாறிய பெண்களின் பட்டியல்கள் நீண்டன. கலாவதி இன்டர்வியூவுக்குப் போனார், ஜெயித்தார். ரங்கநாதனும் ஜெயித்தார், சொந்தச் சரக்கை வைத்தே. அதன்பின் பட்டியல் கேட்டு எங்களுக்குத் தரும் விண்ணப்பத்தில் 'இதுவரை எழுதிய எல்லாப் பெயர்களும்' என்று ஒரு வரி சேர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரை மட்டும் நம்பி எதையும் சேர்க்காதீர்கள், எதையும் நீக்காதீர்கள். ஆளைக் கண்டுபிடியுங்கள்.

ஸ்வீட் டப்பாவோடு வந்த கலாவதி, "இனிமே எந்த இனிஷியல் போடட்டும் மேடம்?" என்று கேட்டார்.

"எதையாவது ஒண்ணப் போடுங்க. ஆனா மறுபடி மாத்தித் தொலைக்காதீங்க."

அடுத்த கட்டுரை ஆர். கலாவதி என்று வந்தது. வெல்டிங் இணைப்புகளில் அரிப்பு பற்றியது. கூட எழுதியவர் கே. ரங்கநாதன். இரண்டு பேர் பட்டியலிலும் அதை நானே ஏற்றினேன்.