சுவர் மூச்சு விடக் கூடாது

மேடை வித்தைக்காரர்களுக்குப் பெட்டி செய்து கொடுப்பது கண்ணாடிக்காரரின் தொழில். பெட்டிக்குள் கதவு போல் கீல் வைத்த இரண்டு கண்ணாடிகள் இருக்கும். விரித்து நிறுத்திய புத்தகம் போல, முதுகு சபையைப் பார்க்கும்படி அவை நடுக் கம்பத்தில் வந்து சேரும். அவற்றில் தெரிவது பக்கச் சுவர்கள். பார்ப்பவர் அதைப் பின்சுவர் என்று நம்பிவிடுவார். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலும் பெட்டி காலிதான். யாரும் சொல்லித் தரவில்லை. உடைத்து உடைத்துக் கற்றது.

வேலை முடிந்ததும் மனைவி உள்ளே ஏறி உட்காருவாள். அவர் எதிரே நின்று பார்ப்பார்.

"நான் இருக்கேனா, இல்லையா? கால் மரத்துப் போச்சு."

அவர் "இல்ல" என்றால் பெட்டி தேறிவிட்டது. சில நாள் வேண்டுமென்றே கண்ணாடியை லேசாகத் திறந்து கால் கட்டை விரலை நீட்டுவாள். அவர் பதறிக்கொண்டு அளவுகோலை எடுத்தால் உள்ளேயிருந்து சிரிப்பு வரும்.

அவள் இறந்து போன பிறகு செய்த முதல் பெட்டி இது. மறுநாள் மேடை ஏற வேண்டும். உமி மூட்டையை உள்ளே வைத்துப் பார்த்தார். காலியாகத்தான் தெரிந்தது, மனசு ஒப்பவில்லை. மூட்டை மூச்சு விடாது. உள்ளே ஒருவர் வேண்டும், வெளியே நின்று பார்க்க ஒருவர் வேண்டும். பட்டறையில் இருந்தது அவர் மட்டும்.

பெட்டிக்கு வெல்வெட் தைத்துத் தந்த பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திவிட்டு, உடம்பைக் குறுக்கி உள்ளே ஏறினார்.

"என்னம்மா தெரியுது?"

"தப்பா நினைக்காதீங்கண்ணே. சுவர் மூச்சு விடுது."

முழங்கால் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு அது அசைய, சுவரும் அசைந்திருக்கிறது. உள்ளே உட்காரப் போகும் பெண் ஏறத்தாழ இவர் உயரம் என்று வித்தைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். பழகிய கை, மனைவியின் அளவுக்கே இடம் விட்டிருந்தது.

கம்பத்தையும் கண்ணாடிகளையும் கழற்றி முன்னால் தள்ளி மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு தையல்காரம்மா மறுபடி வந்தாள்.

"நான் இருக்கேனா, இல்லையா?" என்றார் உள்ளேயிருந்து.

"இல்லண்ணே. சுத்தமா இல்ல."

பெட்டி தேறிவிட்டது. அவளைப் போய் வரச் சொன்னார். செருப்புச் சத்தம் தெருவில் ஓய்ந்த பிறகும் அவர் இறங்கவில்லை. இப்போது முழங்கால் முட்டவில்லை. இடம் தாராளமாக இருந்தது. கண்ணாடியை லேசாகத் திறந்து, கால் கட்டை விரலை வெளியே நீட்டினார்.